‘ஃபீச்சர்டு’ முத்திரை பெற்ற குரோம் எக்ஸ்டென்ஷனைச் சோதிப்பது எப்படி?

குரோம் வெப் ஸ்டோரில் எக்ஸ்டென்ஷன் (பிரவுசரில் கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் சிறு நிரல்) தேடும்போது பெயருக்குக் கீழே ‘ஃபீச்சர்டு’ என்ற முத்திரை தெரிந்தால், பெரும்பாலானவர்கள் அதற்கு மேல் யோசிக்காமல் ‘ஆட் டு குரோம்’ பொத்தானை அழுத்திவிடுகிறார்கள். கூகுளே பார்த்துக் கொடுத்த முத்திரை என்ற நம்பிக்கைதான் காரணம். அந்த நம்பிக்கை எதுவரை செல்லும், எந்த இடத்தில் அறுந்துபோகும் என்று தெரிந்தால்தான் எதைச் சோதிக்க வேண்டும் என்பது பிடிபடும். கீழே சொல்பவை குரோமுக்கானவை. எட்ஜ், பிரேவ் போன்றவையும் அதே குரோமியம் அடித்தளத்தில் இயங்குவதால் மெனுப் பெயர்கள் மட்டும் கொஞ்சம் மாறும்.

முத்திரை சொல்வதும் சொல்லாததும்

2022 ஏப்ரலில் கூகுள் இரண்டு முத்திரைகளைக் கொண்டுவந்தது. ‘ஃபீச்சர்டு’ என்பது, குரோம் குழுவினர் ஒரு எக்ஸ்டென்ஷனை எடுத்துப் பார்த்து, அது தொழில்நுட்ப நெறிமுறைகளைப் பின்பற்றுகிறது, பயன்படுத்த நன்றாக இருக்கிறது என்று தருவது. ‘எஸ்டாப்ளிஷ்டு பப்ளிஷர்’ என்பது, வெளியிட்டவரின் அடையாளம் சரிபார்க்கப்பட்டிருக்கிறது, சில மாதங்களாவது விதிமீறல் இல்லாமல் நடந்திருக்கிறார் என்பதற்கான அடையாளம். இரண்டையும் காசு கொடுத்து வாங்க முடியாது. அந்த வகையில் இவை நேர்மையான முத்திரைகள்தான்.

ஆனால் இவை பாதுகாப்புத் தணிக்கைச் சான்றிதழ் அல்ல. முத்திரை கொடுத்த நாளில் இருந்த பதிப்பு வேறு, இன்று உங்கள் கணினியில் ஓடும் பதிப்பு வேறு. குரோம் சில மணி நேரத்துக்கு ஒருமுறை அப்டேட் இருக்கிறதா என்று தானாகவே பார்த்து, உங்களிடம் கேட்காமலே நிறுவிக்கொள்கிறது. அப்டேட்டுகளும் ஸ்டோரின் பரிசீலனையைத் தாண்டித்தான் வருகின்றன. இந்தக் கட்டுரையில் பெயர் சொல்லப்படும் எக்ஸ்டென்ஷன்கள் எல்லாமே அப்படித் தாண்டி வந்தவைதான்.

ஃபயர்ஃபாக்ஸின் ‘ரெகமெண்டட்’ பட்டியல் இந்த ஒரு விஷயத்தில் மேல். அந்தப் பட்டியலில் உள்ளவற்றின் ஒவ்வொரு புதிய பதிப்பின் நிரலையும் மொசில்லா ஊழியர்கள் படித்த பிறகுதான் வெளியிடுகிறார்கள்.

நல்ல எக்ஸ்டென்ஷன் கெட்டுப்போகும் மூன்று வழிகள்

முதல் வழி, கைமாறுவது. திறந்துகிடக்கும் டேப்களை உறங்கவைத்து மெமரியை மிச்சப்படுத்திய ‘தி கிரேட் சஸ்பெண்டர்’ 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் இருந்தது. 2020 ஜூனில் அதை உருவாக்கியவர் வேறொருவருக்குக் கொடுத்தார். அதன் பிறகு, நிரல்களைப் பொதுவில் வைக்கும் தளமான கிட்ஹப்பில் இருந்த நிரலுக்கும் ஸ்டோரில் வந்த பதிப்புக்கும் பொருத்தமில்லாமல் போனது. 2021 பிப்ரவரியில் கூகுள் அதைத் தீங்கு நிரல் என்று முடக்கியது. ‘ஓப்பன் சோர்ஸ்தானே’ என்று நிம்மதியாக இருப்பவர்கள் இதை மறக்கக் கூடாது. ஸ்டோரிலிருந்து இறங்குவது வெளியீட்டாளர் ஏற்றிய பொட்டலம்தான். கிட்ஹப் நிரலும் அதுவும் ஒன்றுதான் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

இரண்டாவது, வெளியீட்டாளரின் கணக்கு பறிபோவது. சைபர்ஹேவன் என்ற தரவுப் பாதுகாப்பு நிறுவனத்துக்கே இது நடந்தது. 2024 டிசம்பர் 24 அன்று, ‘உங்கள் எக்ஸ்டென்ஷன் விதியை மீறுகிறது, நீக்கப்படும்’ என்று ஸ்டோர் அனுப்பியதுபோல ஒரு மின்னஞ்சல் வந்தது. அதிலிருந்த இணைப்பு கூகுளின் உண்மையான அனுமதிப் பக்கத்துக்கே கொண்டுபோனது. ஊழியர் ‘அலோ’ கொடுத்ததும், எக்ஸ்டென்ஷனைப் பதிவேற்றும் உரிமை தாக்குநரின் செயலிக்குப் போய்விட்டது. அவர் கணக்கில் இரட்டைச் சரிபார்ப்பு இருந்தும் அது இந்த இடத்தில் குறுக்கே வரவில்லை. பாஸ்வேர்டும் திருடப்படவில்லை. 24.10.4 என்ற நச்சுப் பதிப்பு மறுநாள் வெளியாகி ஏறத்தாழ 25 மணி நேரம் புழக்கத்தில் இருந்தது. சுமார் 4 லட்சம் பேர் வைத்திருந்த எக்ஸ்டென்ஷன் அது. அந்த நேரத்தில் பிரவுசர் திறந்திருந்தவர்களிடம் பதிப்பு தானாகவே இறங்கி, முக்கியமாக ஃபேஸ்புக் கணக்குகளின் டோக்கன்களை (ஏற்கெனவே உள்நுழைந்தவர் என்று தளத்துக்குக் காட்டும் ரகசியச் சரங்களை) குறிவைத்தது.

மூன்றாவதில் கெட்ட எண்ணமே இல்லை, நிரலில் ஓட்டை மட்டும்தான். 2018 பிப்ரவரியில் நிரல்களில் ஓட்டை தேடும் கூகுளின் புராஜெக்ட் ஜீரோ குழுவைச் சேர்ந்த டேவிஸ் ஆர்மண்டி, சுமார் 2.2 கோடிப் பேர் வைத்திருந்த, ஆங்கில இலக்கணம் திருத்தும் கிராமர்லி எக்ஸ்டென்ஷன் தன் உள்நுழைவு டோக்கனை எந்த வலைத்தளம் கேட்டாலும் எடுத்துக்கொள்ளும்படி விட்டிருந்ததைக் கண்டுபிடித்தார். பயனர் போகும் ஏதோ ஒரு தளம் அவருடைய கிராமர்லி ஆவணங்களைத் திறந்து படித்திருக்க முடியும். நிறுவனம் சில நாட்களுக்குள் சரிசெய்தது. 2025 ஆகஸ்டில் டெஃப்கான் 33 ஹேக்கர் மாநாட்டில் பாதுகாப்பு ஆய்வாளர் மாரெக் டோத் 11 பாஸ்வேர்டு மேனேஜர்களைச் சோதித்து வேறொரு ஓட்டையைக் காட்டினார். எக்ஸ்டென்ஷன் பக்கத்துக்குள் வரையும் ஆட்டோஃபில் பெட்டியை அந்தப் பக்கமே கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கி, அதே இடத்தில் குக்கி அறிவிப்பு போல ஒன்றை வைத்துவிடும். நீங்கள் அதை மூட அழுத்துகிறீர்கள், கார்டு விவரம் படிவத்தில் நிரம்பிவிடுகிறது.

இவற்றோடு 2025 ஜூலையில் கோய் செக்யூரிட்டி என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்டதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். குரோம், எட்ஜ் இரண்டிலும் சேர்த்து 18 எக்ஸ்டென்ஷன்கள், மொத்தம் 23 லட்சம் பயனர்கள். அவற்றில் சில ஸ்டோரின் முத்திரை பெற்றவை. நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் கருவி, ஒலியைக் கூட்டும் கருவி போன்றவை சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டே, நீங்கள் போகும் ஒவ்வொரு பக்கத்தின் முகவரியையும் வெளியே அனுப்பின. ஆரம்பத்தில் சுத்தமாக இருந்து, பிற்பாடு ஒரு அப்டேட்டில் இப்படி மாறியவை.

பெர்மிஷன்தான் உண்மையான எல்லை

புதிய பதிப்பு கூடுதல் பெர்மிஷன் கேட்டு, அது எச்சரிக்கை காட்ட வேண்டிய வகையாக இருந்தால், குரோம் அந்த எக்ஸ்டென்ஷனை நிறுத்திவைத்து உங்களிடம் கேட்கும். இது நல்ல ஏற்பாடு. ஆனால் முதல் நாளே ‘எல்லாத் தளங்களிலும் உங்கள் எல்லாத் தரவையும் படிக்கலாம், மாற்றலாம்’ என்று ஒப்புக்கொண்டிருந்தால் கூடுதலாகக் கேட்க எதுவும் மிச்சமில்லை. நச்சுப் பதிப்பு எந்த எச்சரிக்கையும் இல்லாமல் உள்ளே வந்துவிடும். அதனால் ‘இன்று இந்த எக்ஸ்டென்ஷன் நல்லதா’ என்று கேட்பதைவிட, ‘நாளை கெட்டுப்போனால் இதன் கை எதுவரை நீளும்’ என்று கேட்பதுதான் பயனுள்ளது. கீழே உள்ள வேலை எல்லாம் அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதுதான்.

கணக்கெடுப்பு

மூன்று புள்ளி மெனுவில் ‘எக்ஸ்டென்ஷன்ஸ்’, அதற்குள் ‘மேனேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ்’ போங்கள். வலது மேல்மூலையில் ‘டெவலப்பர் மோட்’ சுவிட்சைப் போடுங்கள். ஒவ்வொன்றின் கீழும் ஐடி தெரியும். அது ஆங்கிலத்தின் முதல் 16 எழுத்துகள் மட்டும் கலந்து வரும் 32 எழுத்துச் சரம். பெயர், ஐடி, பதிப்பு எண், எதற்காகப் போட்டது என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதுங்கள். பெயரை நம்ப வேண்டாம். ஒரே பெயரில் பல எக்ஸ்டென்ஷன்கள் இருக்கலாம், ஐடிதான் மாறாதது. எதற்காகப் போட்டது என்ற கட்டத்துக்குப் பதில் வராதவற்றை அங்கேயே ‘ரிமூவ்’ செய்துவிடுங்கள். சுவிட்சை அணைத்து மட்டும் வைத்தால், பின்னால் யாரோ மறந்துபோய்ப் போட்டுவிட வாய்ப்பு இருக்கிறது.

குரோமில் பல புரொஃபைல் வைத்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். எக்ஸ்டென்ஷன்கள் புரொஃபைல் கணக்கில்தான் நிறுவப்படுகின்றன.

மேனிஃபெஸ்ட் கோப்பைப் படிப்பது

ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனிலும், அது கேட்கும் பெர்மிஷன்களை எழுதிவைத்த மேனிஃபெஸ்ட்.ஜேசன் (manifest.json) என்ற கோப்பு உண்டு. விண்டோஸில் பயனர் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டா, லோக்கல், கூகுள், குரோம், யூசர் டேட்டா, டிஃபால்ட், எக்ஸ்டென்ஷன்ஸ் என்று வரிசையாக இறங்கினால் ஐடி பெயரிலேயே ஃபோல்டர் இருக்கும். அதற்குள் பதிப்பு எண் பெயரில் இன்னொன்று. ஆப்டேட்டா மறைந்திருந்தால் ‘ஹிட்டன் ஐட்டம்ஸ்’ காட்டச் சொல்லுங்கள். லினக்ஸில் ஹோம் ஃபோல்டருக்குள் .கான்ஃபிக், அதனுள் கூகுள்-குரோம். கோப்பை நோட்பேடில் திறந்தால் போதும், நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை.

ஒரு நிறத்தேர்வுக் கருவியை எடுத்துக்கொள்வோம். திரையில் ஒரு புள்ளியைத் தொட்டால் அதன் நிற எண்ணைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேலை. அதற்கு ‘ஆக்டிவ்டேப்’ என்ற பெர்மிஷன் போதும். ஐகானை நீங்கள் அழுத்தும்போது மட்டும், அந்த ஒரு டேபுக்கு மட்டும் கிடைக்கும் தற்காலிக உரிமை அது. தேர்ந்தெடுத்த நிறங்களை நினைவில் வைக்க ‘ஸ்டோரேஜ்’ இருக்கலாம். அதே கோப்பில் ‘ஹோஸ்ட்_பெர்மிஷன்ஸ்’ என்ற வரியில் <ஆல்_யூஆர்எல்ஸ்> அல்லது *://*/* இருந்து, பக்கத்திலேயே ‘டேப்ஸ்’ பெர்மிஷனும் இருந்தால் நின்று யோசியுங்கள். நிறம் எடுக்க நீங்கள் போகும் எல்லாப் பக்கங்களின் முகவரியும் தேவையில்லை. ‘கன்டென்ட்_ஸ்கிரிப்ட்ஸ்’ பகுதியின் ‘மேட்சஸ்’ வரியையும் தவறாமல் பாருங்கள். பெர்மிஷன் பட்டியல் சிறியதாக இருந்தாலும், இங்கே எல்லாத் தளமும் எழுதியிருந்தால் ஒவ்வொரு பக்கத்துக்குள்ளும் அதன் நிரல் ஓடுகிறது என்று அர்த்தம்.

மற்ற பெர்மிஷன்களில் கவனமாக எடைபோட வேண்டியவை சில:

‘குக்கீஸ்’: தளத்துக்கான உரிமையோடு சேர்ந்தால், பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்ட்டுக்கே மறைக்கப்பட்ட ஹெச்டிடிபி-ஒன்லி குக்கிகளையும் படிக்கும். உள்நுழைந்த செஷனை (மறுபடி பாஸ்வேர்டு கேட்காமல் தளம் உங்களை உள்ளே வைத்திருக்கும் நிலையை) அப்படியே தூக்கிச் செல்ல இது போதும். பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம்.

‘டீபக்கர்’: டெவலப்பர் கருவிகள் செய்யக்கூடிய ஏறத்தாழ அனைத்தும்.

‘நேட்டிவ்மெசேஜிங்’: பிரவுசருக்கு வெளியே, கணினியில் நிறுவிய நிரலோடு பேசும். பாஸ்வேர்டு மேனேஜருக்கு நியாயமான தேவை, வால்பேப்பர் மாற்றும் கருவிக்கு இல்லை.

‘புராக்ஸி’: உங்கள் போக்குவரத்து முழுவதையும் வேறு வழியில் திருப்பும். விபிஎன் வகைக்கு இது இல்லாமல் முடியாது. அதனாலேயே இலவச விபிஎன் எக்ஸ்டென்ஷனை எடுக்கும்போது மற்ற எதையும்விட அதிகம் தயங்க வேண்டும்.

கடைசியாக ‘எக்ஸ்டர்னலி_கனெக்டபிள்’. எந்த வலைத்தளங்கள் இந்த எக்ஸ்டென்ஷனுக்குச் செய்தி அனுப்பலாம் என்பது இங்கே இருக்கும். வெளியீட்டாளரின் சொந்தத் தளம் மட்டும் இருப்பது சரி. அவர்களுடைய எல்லாத் துணை டொமைன்களையும் நட்சத்திரக் குறியால் திறந்துவிட்டிருந்தால், ஏதோ ஒரு பழைய துணைத் தளத்தில் ஓட்டை விழுந்தாலும் அது உங்கள் பிரவுசர்வரை வந்துவிடும்.

கையைச் சுருக்குவது

நீக்க முடியாத எக்ஸ்டென்ஷனுக்கு உரிமையைக் குறைக்கலாம். அதன் ‘டீட்டெய்ல்ஸ்’ பக்கத்தில் ‘சைட் ஆக்சஸ்’ பகுதியில் ‘ஆன் ஆல் சைட்ஸ்’ என்று இருப்பதை ‘ஆன் கிளிக்’ ஆக்குங்கள். ஐகானை அழுத்தினால் மட்டுமே அந்தப் பக்கத்தைத் தொடும். இலக்கணத் திருத்தம் போல சில தளங்களில் எப்போதும் ஓட வேண்டியது என்றால் ‘ஆன் ஸ்பெசிஃபிக் சைட்ஸ்’ போட்டு அந்தத் தளங்களை மட்டும் சேருங்கள். டோத் காட்டிய கிளிக் ஏமாற்றுக்கும் குரோமில் இந்த ‘ஆன் கிளிக்’ நல்ல தடுப்பு, ஏனென்றால் நீங்கள் கூப்பிடாத பக்கத்தில் ஆட்டோஃபில் பெட்டியே தோன்றாது. விளம்பரத் தடுப்பானுக்கு மட்டும் இது ஒத்துவராது, அது எல்லாத் தளங்களிலும் ஓடினால்தான் பயன்.

‘அலோ இன் இன்காக்னிட்டோ’ இயல்பில் அணைந்தே இருக்கும், அப்படியே விட்டுவிடுங்கள்.

வங்கி, வருமான வரி, அலுவலக நிர்வாகப் பக்கங்களுக்கென்று தனியாக ஒரு குரோம் புரொஃபைல் உருவாக்கி அதில் ஒரு எக்ஸ்டென்ஷன்கூடப் போடாமல் வைப்பதுதான் இந்தக் கட்டுரையில் மிகக் குறைந்த உழைப்பில் மிக அதிகப் பலன் தரும் காரியம். இரண்டு நிமிட வேலை. வேறொரு புரொஃபைலில் இருக்கும் எக்ஸ்டென்ஷனால் இந்தப் புரொஃபைலின் குக்கிகளைத் தொட முடியாது.

வெளியே என்ன போகிறது என்று பார்ப்பது

டெவலப்பர் மோட் போட்ட நிலையில் எக்ஸ்டென்ஷன் பெட்டிக்குள் ‘இன்ஸ்பெக்ட் வியூஸ்’ அருகே ‘சர்வீஸ் வொர்க்கர்’ என்ற இணைப்பு இருக்கும். எக்ஸ்டென்ஷனின் பின்னணியில் ஓடும் பகுதி அது. அழுத்தினால் டெவலப்பர் கருவிகள் திறக்கும். ‘நெட்வொர்க்’ பகுதிக்குப் போய், சன்னலை மூடாமல் வைத்துக்கொண்டு, சாதாரண டேபில் நான்கைந்து தளங்களுக்குப் போய் வாருங்கள். கருவிச் சன்னல் திறந்திருக்கும்வரை சர்வீஸ் வொர்க்கர் உறங்காது. மூடிவிட்டால் வேலை இல்லாத 30 விநாடியில் அது நின்றுவிடும், பதிவும் அறுந்துபோகும்.

நிறத்தேர்வுக் கருவியைத் தொடவே இல்லை, ஆனாலும் நீங்கள் ஒவ்வொரு தளத்துக்குப் போகும்போதும் ஒரு போஸ்ட் கோரிக்கை (தரவை வெளி சர்வருக்கு அனுப்புவது) புதிதாக வந்து விழுகிறது என்றால் அதைத் திறந்து ‘பேலோட்’ பகுதியைப் பாருங்கள். புரியாத நீண்ட எழுத்துச் சரம், முடிவில் ஒன்றிரண்டு சமக்குறி இருந்தால் பெரும்பாலும் பேஸ்64, அதாவது தரவை வேறு எழுத்துகளாக மாற்றி எழுதும் முறை. அதைப் பிரதியெடுத்து ‘கன்சோல்’ பகுதியில் அடோப் என்ற கட்டளையின் அடைப்புக்குறிக்குள் மேற்கோளோடு ஒட்டி என்டர் தட்டுங்கள். ஆங்கிலத்தில் அது ஏ-டி-ஓ-பி, நான்கே சிறிய எழுத்துகள். சற்றுமுன் நீங்கள் போன தளத்தின் முகவரி முழுதாக வெளியே வந்து நின்றால், மேற்கொண்டு ஆராய்ச்சி தேவையில்லை. நீக்குங்கள்.

எதுவும் வரவில்லை என்பதால் சுத்தம் என்று முடிவுகட்டவும் கூடாது. கன்டென்ட் ஸ்கிரிப்ட் (பக்கத்துக்குள் ஓடும் எக்ஸ்டென்ஷன் நிரல்) அனுப்பும் கோரிக்கைகள் இந்தச் சன்னலில் வராமல், அந்தந்தப் பக்கத்தின் சொந்த நெட்வொர்க் பகுதியில் வரும். அங்கே ‘இனிஷியேட்டர்’ பத்தியில் எக்ஸ்டென்ஷன் கோப்பின் பெயர் தெரியும். தவிர, சில நச்சு நிரல்கள் குறிப்பிட்ட தளத்துக்குப் போனால்தான் விழிக்கும். சைபர்ஹேவன் பதிப்பு வெளி சர்வரிலிருந்து ஒரு அமைப்புப் பட்டியலை வாங்கி, அதில் சொன்ன தளத்தில்தான் வேலையைக் காட்டியது. குரோம் எக்ஸ்டென்ஷன்களுக்கான விதித்தொகுப்பான மேனிஃபெஸ்ட் மூன்றாம் பதிப்பு, வெளியிலிருந்து நிரலை இறக்கி ஓட்டுவதைத் தடை செய்கிறது. வெளியிலிருந்து ‘எதைச் செய்’ என்ற தரவை வாங்குவதை அது தடுக்கவில்லை.

நிரல் படிக்கத் தெரிந்தவர்கள்

‘சோர்ஸஸ்’ பகுதியில் ஒரே வரியாக நசுக்கிய நிரலை இரட்டைச் சுருள் அடைப்புக்குறிப் பொத்தான் விரித்துக் கொடுக்கும். தேட வேண்டியதைச் சுருக்கமாகச் சொன்னால், டேப் மாறும்போது ஓடும் ‘ஆன்அப்டேட்டட்’ கேட்பான்கள், அவற்றுக்குள்ளேயே ஃபெட்ச் இருக்கிறதா என்பது, ‘குக்கீஸ்.கெட்ஆல்’, பிறகு ‘ஆன்மெசேஜ்எக்ஸ்டர்னல்’. நேர்மையான எக்ஸ்டென்ஷன்களில் அதிகம் காணப்படும் ஓட்டை ‘மெசேஜ்’ நிகழ்வைக் கேட்கும் இடத்தில்தான் இருக்கும். பக்கத்திலிருந்து வந்த செய்தியின் ‘ஆரிஜின்’ என்ன என்று பார்க்காமலே அதில் சொன்னபடி செய்வது. அடுத்தது, வெளியிலிருந்து வந்த சரத்தை ‘இன்னர்ஹெச்டிஎம்எல்’ வழியாக அப்படியே பக்கத்தில் ஒட்டுவது. இப்படி ஒன்று கிடைத்தால் பொதுவெளியில் போடுவதற்கு முன் வெளியீட்டாளருக்குத் தெரிவித்து, சரிசெய்ய அவகாசம் கொடுங்கள். ஓட்டை இருப்பது தெரிந்துவிட்டால், அப்டேட் வரும்வரை ஆபத்தில் இருப்பவர்கள் பயனர்கள்தான்.

அலுவலகக் கணினிகளுக்கு

ஊழியர்களிடம் ‘பார்த்துப் போடுங்கள்’ என்று சொல்லி மட்டும் விடுவது போதாது. குரோமின் பாலிசியில் (நிர்வாகி எல்லாக் கணினிகளுக்கும் வைக்கும் அமைப்புகளில்) ‘எக்ஸ்டென்ஷன்இன்ஸ்டால்பிளாக்லிஸ்ட்’ பட்டியலில் ஒரே ஒரு நட்சத்திரக் குறி போட்டு எல்லாவற்றையும் தடுத்து, ‘எக்ஸ்டென்ஷன்இன்ஸ்டால்அலோலிஸ்ட்’ பட்டியலில் ஒப்புதல் பெற்ற ஐடிகளை மட்டும் சேர்க்க வேண்டும். வரிசை முக்கியம். அனுமதிப் பட்டியலை முதலில் நிரப்பிவிட்டுத்தான் தடையைப் போட வேண்டும். மாற்றிச் செய்தால் ஏற்கெனவே நிறுவியவையும் அணைந்து, பாஸ்வேர்டு மேனேஜர் இல்லாமல் மொத்த அலுவலகமும் காலையில் உங்கள் மேசைக்கு முன் நிற்கும்.

அனுமதித்த எக்ஸ்டென்ஷனும் நாளை கெடலாம் என்பதால் இன்னொரு பூட்டும் தேவை. ‘எக்ஸ்டென்ஷன்செட்டிங்ஸ்’ பாலிசியில் ‘ரன்டைம்_பிளாக்டு_ஹோஸ்ட்ஸ்’ என்ற பட்டியல் உண்டு. வங்கி, சம்பளப் பட்டியல், கிளவுட் நிர்வாகப் பக்கங்களின் டொமைன்களை அதில் எழுதினால், எந்த எக்ஸ்டென்ஷன் என்ன பெர்மிஷன் வைத்திருந்தாலும் அந்தத் தளங்களுக்குள் நிரலை நுழைக்கவோ குக்கியைப் படிக்கவோ முடியாது. 100 பதிவுகள்வரை இடம் உண்டு. முகவரிப் பட்டையில் chrome://policy என்று தட்டி பாலிசி பக்கத்தைத் திறந்து ‘ரீலோட் பாலிசிஸ்’ அழுத்தி, ஒவ்வொரு வரிக்கும் எதிரே ‘ஓகே’ வருகிறதா என்று ஒரு கணினியிலாவது கண்ணால் பாருங்கள். ஜேசனில் ஒரு காற்புள்ளி தவறினால் அந்த பாலிசி வேலை செய்யாது, அதை இந்தப் பக்கத்தில்தான் கண்டுபிடிக்க முடியும்.

ஒன்று சிக்கிவிட்டால்

நீக்குவதற்கு முன் அந்த ஐடி பெயரிலான ஃபோல்டரை முழுதாக வேறு இடத்துக்குப் பிரதியெடுங்கள். எந்தப் பதிப்பு, என்ன அனுப்பியது என்று பிறகு பார்க்க அது ஒன்றுதான் சான்று. நீக்கினால் ஃபோல்டரும் போய்விடும். அதன் பிறகு எக்ஸ்டென்ஷனை நீக்குங்கள். அடுத்து மின்னஞ்சல், சமூக ஊடகம், வங்கி என ஒவ்வொன்றிலும் ‘எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு’ கொடுங்கள். பாஸ்வேர்டை மாற்றுவது அதற்கு அடுத்துத்தான். எக்ஸ்டென்ஷன் இருக்கும்போதே மாற்றினால் புதிய பாஸ்வேர்டும் அதன் கண்முன்னேதான் தட்டப்படுகிறது. பாஸ்வேர்டை மட்டும் மாற்றி செஷனை விட்டுவைத்தால், திருடிய குக்கி சில தளங்களில் தொடர்ந்து செல்லுபடியாகும்.

கூகுள் கணக்கில் மூன்றாம் தரப்புச் செயலிகளுக்குக் கொடுத்த உரிமைப் பட்டியலைத் திறந்து, அடையாளம் தெரியாதவற்றை நீக்குங்கள். விளம்பரக் கணக்கு வைத்திருப்பவர்கள் அதில் புதிய நிர்வாகி யாராவது சேர்ந்திருக்கிறார்களா, பணம் செலுத்தும் கார்டில் தெரியாத செலவு இருக்கிறதா என்று அன்றே பார்க்க வேண்டும். கடைசியாக, ஸ்டோரில் அந்த எக்ஸ்டென்ஷன் பக்கத்தில் இருக்கும் புகார் இணைப்பை அழுத்தி, பதிப்பு எண்ணையும் தரவு போய்ச்சேர்ந்த டொமைன் பெயரையும் எழுதி அனுப்புங்கள்.